வேப்பமரத்துக்கு மேலே பத்தடி

கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் வாளி என்னைத் தாண்டிப் போய்விட்டால், கூப்பிட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, மோர் வரும்வரை வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பவள் நான். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இப்படிப்பட்டவள் எழுதி மற்றவர்கள் படிப்பதா என்று பேனாவை எடுத்து எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயம் எதுவும் இதில் இல்லை. மொட்டைமாடியில் ஆண்டெனா நடுவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், அதிலும் பாதிதான்.

மீதிப் பாதி என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் ஏறுவார், நான் கீழே உட்கார்ந்து பார்ப்பேன். சிவகாசியில் அவர் முதலில் கேபிள் டிவி வயர் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் எல்லாக் கம்பெனிகளும் கம்ப்யூட்டர் வாங்கின. ஆபீஸ் ஊருக்குள் இருக்கும், பட்டாசு ஆலையோ தீப்பெட்டி ஆபீஸோ பிரஸ்ஸோ ஊரைத் தாண்டிப் பொட்டல் காட்டில் இருக்கும். இரண்டையும் இணைக்க வேண்டும் என்றால் டெலிபோன் லைனை நம்ப முடியாது. அப்போதுதான் வயர் இல்லாமல் காற்றிலேயே இணைக்கிற ரேடியோ பெட்டிகள் மதுரைக் கடைகளுக்கு வந்தன. இந்த மாடியில் ஒரு கம்பம், அந்த மாடியில் ஒரு கம்பம், இரண்டின் உச்சியிலும் அடுப்பு வலை மாதிரி ஒரு ஆண்டெனா. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும், கணக்கும் கடிதமும் படமும் போய்வரும்.

நான் இதற்குள் வந்தது ஆள் பற்றாக்குறையால்தான். சீசன் வந்துவிட்டால் உதவிக்கு இருக்கிறவர்கள் எல்லாரும் பட்டாசு ஆலைக்குப் போய்விடுவார்கள். ஒருநாள், நீயாவது வந்து அந்தக் கம்ப்யூட்டரில் தெரியும் நம்பரைப் படித்துச் சொல் என்றார். போனேன். பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது. அவர் கம்பத்தின் மேல் நின்று ஆண்டெனாவை ஒரு விரற்கடை இந்தப் பக்கம், ஒரு விரற்கடை அந்தப் பக்கம் என்று திருப்புவார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நம்பர் சொல்லுவேன். வீட்டில் ஒருநாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு கம்பத்தடியில் பேசிவிடுகிறாள் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நம்பர் மைனஸில் இருக்கும். மைனஸ் அறுபது என்றால் நல்ல சிக்னல், மைனஸ் தொண்ணூறு என்றால் செத்த சிக்னல். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். எனக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கிணறுதான் அது. தண்ணீர் அறுபது அடியில் கிடந்தால் இறைத்துக் குடிக்கலாம். எண்பதுக்குப் போனால் கயிறு பத்தாது. தொண்ணூறில் வாளியில் மண் வரும். இப்படி நினைத்துக்கொண்டதால் எனக்கு அந்தப் பெட்டிமேல் பயம் இல்லாமல் போனது.

கம்பம் எத்தனை அடி வேண்டும் என்று கணக்குப் போடுவதில்தான் சிரமம். பெட்டி விற்கிற மதுரைக் கடையில் ஒரு இன்ஜினியர் தம்பி இருந்தார். பொறுமையான பிள்ளை. ஒரு தாளில் இரண்டு புள்ளி வைத்து நடுவில் கோடு போடாமல் வெள்ளரிக்காய் வரைந்து காட்டினார். சிக்னல் நூல் மாதிரிப் போகாது அக்கா, இரண்டு முனையிலும் ஒல்லியாக, நடுவில் பருத்துப் போகும், அந்தக் காய் முழுவதும் காற்றிலேயே இருக்க வேண்டும், கட்டடமோ மரமோ அதைக் கடித்தால் சிக்னல் இறங்கும் என்றார். நான் அந்தத் தாளை வாங்கி வந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். படம் போட்டுச் சொன்னால் எனக்கு மறக்காது. ஆனாலும் தவறு வந்தது. வந்த இடம் வெள்ளரிக்காய் இல்லை, வேப்பமரம்.

ஊருக்குக் கிழக்கே, சாத்தூர் போகிற பக்கம் ஒரு பிரஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற இடம். அந்த முதலாளி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். பிரஸ்ஸிலிருந்து ஊருக்குள் ஒரு வீட்டுக்கு லிங்க் போட வேண்டும் என்றார். ஆபீஸ் இல்லையா, வீடா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். வீடுதான். அவரிடம் லேபிள் வரைகிற ஒரு முஸ்லிம் பெண்ணின் வீடு. என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து அவளுக்கு லேபிள் தங்கச்சி என்று பேர் வைத்துவிட்டார். எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

அவள் பிரஸ்ஸுக்குப் போய் உட்கார்ந்து வேலை பார்த்தவள்தான். அவளுடைய அப்பா, அவள் அத்தா என்பாள், கடைவீதியில் பாத்திரக் கடையில் இருந்தவர். ஒருநாள் காலையில் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அம்மா இல்லை, அண்ணன் சவுதியில். அத்தாவைப் புரட்டிப் படுக்க வைக்க, கஞ்சி கொடுக்க, அவள் ஒருத்திதான். முதலாளி நல்லவர், கம்ப்யூட்டரை அவள் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். முன்னறையில் அத்தாவின் கட்டில், அதை ஒட்டி மேஜை. இந்தக் கையால் மயிலும் கிளியும் பூச்சட்டியும் வரைவாள், அந்தக் கையால் அத்தாவுக்கு விசிறுவாள். வரைந்ததை சிடியில் ஏற்றிக் கொடுத்தால் பிரஸ் ஆட்டோ வந்து வாங்கிப் போகும். ஆர்டர் கொடுத்த பார்ட்டி, கிளிக்கு மூக்கு பத்தாது என்று சொன்னால் ஆட்டோ திரும்பி வரும். மூக்கைப் பெரிதாக்கினால் எழுத்து சிறிசாகத் தெரிகிறது என்று இன்னொரு தடவை வரும். சீசன் நேரத்தில் இது கட்டுப்படியாகாது. டெலிபோன் லைனில் அனுப்பிப் பார்த்தார்கள். படம் போய்ச் சேருவதற்குள் லைன் அறுந்துவிடும்.

முதலாளி ஒளிக்காமல் சொல்லிவிட்டார். லிங்க் சரியாக நின்றால் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும், நிற்கவில்லை என்றால் மதுரையிலிருந்து ஒரு ஆளைக் கொண்டுவந்து பிரஸ்ஸிலேயே உட்கார வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை, ஆனியில் தீபாவளி ஆர்டர் மொத்தமாக வந்துவிடும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அந்தத் தங்கச்சிக்கு வேறு வேலை கிடையாது. வீட்டை விட்டு நகர முடியாதவளுக்கு எந்தக் கம்பெனி வேலை கொடுக்கும்?

நாங்கள் பார்க்கப் போனது மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் முடிந்த வாரம். அந்த வருஷம் நான் அக்கினிச்சட்டி எடுத்திருந்தேன். அதற்கு முந்தின மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் ஒரு ஓட்டு வீட்டின் மேலிருந்து சறுக்கி விழுந்து, எலும்பு ஒன்றும் முறியாமல் எழுந்து வந்தார். அதற்கு நேர்ந்துகொண்டது. உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது, ஆனாலும் மனசுக்குள் நிறைவாக இருந்தது. நல்ல நாளில் நல்ல வேலை வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடி தெரிகிறதா என்று பார்க்க வேறு ஊரில் என்ன செய்வார்களோ தெரியாது. எங்கள் ஊரில் தீயைக் காட்டிப் பார்க்கலாம் என்றால், சுற்றிலும் வெடிமருந்தும் பேப்பரும், யாரும் விட மாட்டார்கள். அதனால் கண்ணாடிதான். பவுடர் பூசும்போது பார்க்கிற கண்ணாடியை அவர் எடுத்துக்கொண்டு பிரஸ் மாடிக்குப் போனார். நான் தங்கச்சி வீட்டு மாடியில் நின்றேன். மாலை வெயிலை அவர் கண்ணாடியில் பிடித்து என் பக்கம் திருப்பினார். கட்டடங்களுக்கு மேலே, தூரத்தில், ஊசி முனை மாதிரி பளிச்சென்று தெரிந்தது. நடுவில் பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலின் வேப்பமரம் நின்றது. குச்சி குச்சியாகக் கிளைகள். அந்தக் குச்சிகளுக்கு நடுவே வெளிச்சம் வந்தது. போனில், தெரியுதா தெரியுதா என்று கேட்டார். தெரியுது என்றேன். அந்த மரத்தை நான் மரமாகவே எண்ணவில்லை.

பதினைந்தடிப் பைப் போதும் என்று முடிவு செய்தோம். கம்பம் நட்டோம். சிக்னல் மைனஸ் அறுபத்தாறில் நின்றது. அவள் ஒரு லேபிளை அனுப்பினாள், அத்தாவுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்காருவதற்குள் பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது, வந்துவிட்டது என்று. அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கு நாலு நாளைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சித்திரை பாதியில் அவள் போன் செய்தாள். அக்கா, கொஞ்சம் மெதுவாகப் போகிறது என்றாள். போய்ப் பார்த்தேன், எழுபத்தைந்து. ஆண்டெனா திரும்பியிருக்கும் என்று இவர் ஏறித் திருகினார். எழுபத்துமூன்றுக்கு வந்தது. அடுத்த வாரம் எழுபத்தொன்பது. ஒரு கோடை மழை பெய்தது, எண்பத்தெட்டு, அதோடு நின்றேவிட்டது. மழை விட்டுக் காய்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. அவள் பழையபடி சிடியில் ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். மதுரை ஆள் வந்து பிரஸ்ஸைப் பார்த்துவிட்டுப் போனதாக ஆட்டோக்காரர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் அதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. அத்தாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, கேட்டீகளா அக்கா என்று மட்டும் சொன்னாள்.

பெட்டியில்தான் கோளாறு என்று இவர் நினைத்தார். இரண்டு பெட்டிகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். இன்ஜினியர் தம்பி பொறுமையாகச் சோதித்துப் பார்த்தார். பெட்டி இரண்டும் புதுசு மாதிரி இருக்கிறது அக்கா, நடுவில் ஏதாவது மாறியிருக்கிறதா, புதுக் கட்டடம் ஏதாவது என்று கேட்டார். ஒன்றும் மாறவில்லை, அன்றைக்குப் பார்த்த அதே தெரு, அதே வீடுகள் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த அன்று நல்ல வெயில். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு நடந்தபோது, கோயில் வேப்பமரத்தடியில் ஒரு அம்மா நுங்கு விற்றுக்கொண்டிருந்தார். தரையில் நிழல் குளிர்ச்சியாகக் கிடந்தது. உட்கார்ந்து நுங்கு வாங்கிச் சாப்பிட்டேன். அப்பாடா, நல்ல நிழல் என்றேன். எனக்கு அவ்வளவுதான் பேச வரும்.

அந்த அம்மா நுங்கைச் சீவிக்கொண்டே சொன்னார்.

"இப்பத்தான் தாயி நிழலு. பங்குனியில வந்து பாத்தீகளா? இங்கன உக்கார முடியாது. சட்டி எடுக்கிறவக எல்லாரும் வேப்பங்கொழைக்கு இந்த மரத்தைத்தான் ஒடிப்பாக. அம்புட்டையும் மொட்டையடிச்சிட்டுப் போயிட்டாகள்ல."

நிமிர்ந்து பார்த்தேன். வானமே தெரியவில்லை. அவ்வளவு இலை. நான் சட்டி எடுத்த அன்று என் இடுப்பில் செருகியிருந்த வேப்பங்கொழையும் இதே மரத்தில் ஒடித்ததுதான். என் கையாலேயே மரத்தை மொட்டையாக்கிவிட்டு, மறுவாரம் அதே மரத்தின் ஊடாகக் கண்ணாடி பார்த்து, நடுவில் தடை இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இலை துளிர்க்கும் என்று ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். இரண்டு பெட்டிகளையும் அணைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். நுங்கு அம்மா பயந்துபோய், வெயில் ஏறிருச்சா தாயி என்று கேட்டு இன்னொரு நுங்கைச் சும்மாவே கொடுத்தார்.

வீட்டில் சொன்னபோது இவர் அந்தப் பவுடர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"ஆத்தா நமக்குப் பாதையை கிளியர் பண்ணிக் குடுத்தா. நாமதான் பட்டா போட்டுக் குடுத்ததா நினைச்சுக்கிட்டோம். வருசம் பூரா நீ சட்டி எடுத்தா லிங்க் நிக்கும், எடுக்கியா?"

மரத்தில் கைவைக்கிற பேச்சே எங்களுக்குள் வரவில்லை. மஞ்சள் துணி கட்டின மரம். நேர்ச்சைக்கு ஒடிப்பது வேறு, ஆண்டெனாவுக்கு ஒடிப்பது வேறு. அதனால் மேலேதான் போக வேண்டும். மறுநாள் வெயிலில் மரத்தின் நிழலையும் ஒரு கம்பின் நிழலையும் அளந்து, பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கை நினைவுபடுத்தி மரத்தின் உயரத்தைக் கண்டுபிடித்தேன். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து அதில் வெள்ளரிக்காயின் இந்த முனையில் மரத்தை வரைந்தேன். மரத்தின் தலைக்கு மேலே பத்தடியாவது விட வேண்டும் என்று வந்தது. மரம் இன்னும் வளரும், அதற்கும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். தங்கச்சியின் வீடோ பழைய சுண்ணாம்புக் காரை போட்ட ஒற்றை மாடி. அதன் மேல் அவ்வளவு உயரக் கம்பம் நட்டு, அது சாயாமல் இருக்க ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினால் கைப்பிடிச் சுவர் கையோடு வந்துவிடும்.

அவள் வீட்டுக்கு மேற்கே ஒட்டினாற்போல் ஒரு மாடி வீடு. இரண்டு தளம், அதற்கு மேல் மாடிப்படி ரூம், எல்லாம் புதுக் கான்கிரீட். அதன் உச்சியில் கம்பம் நட்டு வயரை இந்தப் பக்கம் இறக்கினால் காரியம் முடிந்தது. ஆனால் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். தங்கச்சி வீட்டு மாடித் தண்ணீர் குழாய் வழியாக அவர் சுவர் ஓரம் விழுகிறது என்று பல வருஷத்துக்கு முன்னால் சண்டை. குழாயை அடை என்று அண்ணாச்சி, எங்கே போகும் தண்ணீர் என்று அத்தா. அதிலிருந்து நோன்புக் கஞ்சி அந்தப் பக்கம் போவதில்லை, பொங்கல் சோறு இந்தப் பக்கம் வருவதில்லை.

தங்கச்சி, நான் போய்க் கேட்டால் அத்தா மனசு வருத்தப்படும் என்றாள். கட்டிலில் இருந்த அவளுடைய அத்தா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகப் பேச வராது, ஆனால் எல்லாம் கேட்கும். என் வீட்டுக்காரருக்கும் அந்த வீட்டில் நல்ல பேர் இல்லை. கேபிள் காலத்தில் கேட்காமல் அவர் மாடி வழியாக வயர் இழுத்து, அண்ணாச்சி அதைக் கத்தரியால் வெட்டிப் போட்டிருந்தார். என்னைப் பாத்தாக் கேட்டையே தெறக்க மாட்டாரு, நீ போ என்றார் இவர். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சாம்பாரைக் கூடக் கேட்டதில்லை. முதல் நாள் அந்தத் தெருவைச் சுற்றி நடந்துவிட்டுக் கேட்டைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். என்ன சொன்னாரு என்று இவர் கேட்டார். அண்ணாச்சி தூங்குகிறார் என்றேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மறுபடி போனேன். அண்ணாச்சி சம்சாரம் வாசலில் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வாங்க, ஏன் வெயில்ல நிக்கீக என்று கூப்பிட்டார். அண்ணாச்சி நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தார். நான் நின்றபடியே, வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். மரம், சிக்னல், தங்கச்சியின் வேலை, ஆனி மாதம், எல்லாம் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. அவர் தாளை மடித்தார். அவுக வீட்டு வேலைக்கு என் மாடியா என்று கேட்டார். சரி, இது ஆகாது என்று வாசல் பக்கம் திரும்பினேன். அப்போது அவர் கேட்டார்.

"இந்தா தாயி. வீட்டு உச்சியில இரும்புக் கம்பத்தை நட்டுட்டுப் போயிருவீக. இடி இறங்குனா யாரு பொறுப்பு?"

இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. எங்கள் வேலையில் ஒவ்வொரு கம்பத்துக்கும் செய்வதுதான். பட்டாசு ஆலைக்குள் கம்பம் நடப்போனால், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகச் சொல்லுவார்கள், கம்பம் நட இடம் காட்டும் முன்னால் இடிதாங்கி எங்கே இறங்கும் என்றுதான் கேட்பார்கள். அதனால் சொன்னேன். கம்பத்துக்கு மேலே கூர் வைப்போம் அண்ணாச்சி, அதிலிருந்து செம்புப் பட்டையைக் கூடியவரை நேராக இறக்கி, குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைப்போம் என்றேன்.

"எம்புட்டு ஆழம்?"

ஆள் ஆழத்துக்கு மேலே என்றேன். பட்டை எவ்வளவு அகலம் என்று கேட்டார். சொன்னேன். சுவரோடு ஒட்டி வருமா, தள்ளி வருமா என்று கேட்டார். அதையும் சொன்னேன். மூலையில் திரும்புகிற இடத்தில் முறித்து மடக்குவீர்களா, அரைவட்டமாக வளைப்பீர்களா என்று கேட்டார். அரைவட்டமாக என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். சம்சாரத்தைப் பார்த்து, ஏ, காப்பி போடு என்றார்.

ஆலையில் அவருடைய பொறுப்பே அதுதானாம். ஒவ்வொரு ஷெட்டுக்கும் இடிதாங்கி இருக்கிறதா, பட்டை அறுந்திருக்கிறதா, குழி காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. சித்திரை இடிக்கும் ஐப்பசி இடிக்கும் ஆலையில் நிம்மதியாக இருப்பாராம், வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராதாம். மருந்துக்கு இடிதாங்கி வைத்த மனுஷன் பெண்டாட்டிக்கு வைக்கவில்லை என்று அந்த மதினி காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார். இருபது வருசமாச் சொல்லுதேன் என்றார். அண்ணாச்சி அதைக் கேட்காத மாதிரி வாசலில் இறங்கி, அண்ணாந்து மாடியின் மூலையைப் பார்த்தார்.

கம்பம் ஏற்றுவதற்கு முந்தின நாள் அண்ணாச்சியே கூட வந்து இடம் காட்டினார். பிரஸ் முதலாளி செலவுக்குச் சம்மதித்திருந்தார். என் வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்து, வயர்காரரா, வாங்க, இன்னைக்கு மாடியில கத்தரி இல்ல என்றார். இவர் சிரித்துவிட்டார்.

குழிக்கு இவர் வாசல் ஓரத்தைக் காட்டினார். அண்ணாச்சி ஆகாது என்று தலையை ஆட்டினார். அங்கே மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஈரம் இல்லாத குழி இருந்தும் இல்லாத மாதிரி என்றார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நாங்களும் போனோம். எங்கே நின்றார் என்றால், தங்கச்சி வீட்டுக் குழாயிலிருந்து மாடித் தண்ணீர் விழுகிற இடம். அவள் அத்தாவின் துணிகளை மாடியில் அலசுவாள், அந்தத் தண்ணீர் தினமும் அங்கேதான் விழும். சுவரில் பாசி. மண்ணில் காலை வைத்தால் பதிந்தது. அண்ணாச்சி கால் பெருவிரலால் அந்த மண்ணை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். இங்கனதான் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கொழாயை அடைக்க வேண்டாம்னு பாய்கிட்டச் சொல்லிருங்க. தண்ணி விழுந்துக்கிட்டே இருக்கட்டும்."

நான் சுற்றிக்கொண்டு போய் முன்னறையில் கட்டிலருகே நின்று அதை அப்படியே சொன்னேன். அத்தா வாயைத் திறந்து மூடினார். நல்லாயிருக்கிற கையை மேலே தூக்கி, மேற்குச் சுவரின் பக்கம் இரண்டு முறை ஆட்டினார். சிரித்தபோது அவர் உதடு ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. தங்கச்சி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

குழி தோண்டும்போது அண்ணாச்சி நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு, அவர் கண்ணால் அளந்தபிறகுதான் மூட விட்டார். அடுத்த நாள் கம்பம் ஏறியது. மாடிப்படி ரூமின் உச்சியில், நாலு பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, கீழே பார்த்தால் கோயில் மரத்தின் தலை பச்சைக் குடை மாதிரி தெரிந்தது. அதற்கு மேலே பத்தடிக்கும் அதிகமாக வெறும் காற்று. இந்த முறை பவுடர் கண்ணாடியைப் பிரஸ் மாடிக்கு எடுத்துப்போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எடுத்துப் போகத்தான் செய்தார். பளிச்சென்று தெரிந்தது, நடுவில் ஒரு குச்சி இல்லாமல்.

பிறகு இவர் திரும்பி வந்து கம்பத்தில் ஏறினார். நான் தங்கச்சியின் மேஜையில் உட்கார்ந்து நம்பர் படித்தேன். எண்பது. எழுபத்துநாலு. இன்னும் கொஞ்சம் தெற்கே. அறுபத்தொன்பது. நிறுத்துங்க, தாண்டிட்டீக, திரும்புங்க. அறுபத்தைந்து. என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே தெரிந்தது. பக்கத்து மாடியிலிருந்து அண்ணாச்சி, என்னம்மா எத்தனை என்று கேட்டார். அறுபத்திரண்டு அண்ணாச்சி என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். நான் கத்தினேன் என்று இன்றைக்கும் இவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அறுபத்திரண்டு என்றால் நல்லதா கெட்டதா என்று அண்ணாச்சி கேட்டார். கிணற்றுக் கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அப்பச் சரி, கயிறு பத்தும் என்றார்.

தங்கச்சி ஒரு கிளி லேபிளை அனுப்பினாள். பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. மூக்கைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார்கள். அவள் சின்னதாக்கி மறுபடி அனுப்பினாள். மதினி சுவருக்கு மேலே ஒரு தூக்கில் காப்பியை நீட்டினார், தங்கச்சி மேஜையை விட்டு எழுந்துபோய் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மழை பெய்தது. சிக்னல் அறுபத்துமூன்றில் நின்றது. நாங்கள் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கம்பம் நட சாத்தூருக்குப் போனோம்.